டியூப் போனது, பஞ்சர் போகவில்லை

2024 ஜூலை 29. பாரிஸுக்கு மேற்கே எலான்கூர் குன்றில் ஒலிம்பிக் மலை சைக்கிள் பந்தயம். மொத்தம் எட்டுச் சுற்று. நான்காம் சுற்றில், முன்வரிசையில் போய்க்கொண்டிருந்த பிரிட்டன் வீரர் டாம் பிட்காக்கின் முன்சக்கரம் தொய்ந்தது. பஞ்சர். அந்தப் பந்தயத்தில் மெக்கானிக் நினைத்த இடத்துக்கு ஓடிவந்து உதவ முடியாது. அவருக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் நிற்பார்; வீரர்தான் தட்டுத்தடுமாறி அங்கே போய்ச் சேர வேண்டும். பிட்காக் போய்ச் சேர்ந்து, வேறு சக்கரம் மாட்டி, மறுபடி மிதிக்கத் தொடங்கியபோது ஒன்பதாம் இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தார். அதன்பிறகு ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசிச் சுற்றில் மரங்களுக்கு நடுவே பிரான்ஸின் விக்டர் கொரெட்ஸ்கியை முந்தி, 9 நொடி வித்தியாசத்தில் தங்கம் வாங்கியது தனிக் கதை. முதல் நாள் நடந்த பெண்கள் பந்தயத்தில் நெதர்லாந்தின் பக் பீட்டர்சேவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரண்டாம் இடத்தில் இருந்தவர் பஞ்சரால் பின்தங்கி நான்காவதாக வந்தார். வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அந்த மட்டத்துப் பந்தயங்களில் டியூப் வைத்த சக்கரத்தை இன்று பார்ப்பது அரிது. காசு கொடுத்து வாங்கக்கூடியதில் ஆகச் சிறந்த டயர், அதற்குள் ஓட்டையை அடைக்கும் திரவம், கவனித்துக்கொள்ளத் தனி மெக்கானிக். இத்தனையும் இருந்தும் பஞ்சர் ஆனது. இதை நினைவில் வைத்துக்கொண்டு சைக்கிள் ஷோரூமுக்குள் நுழைந்தால், “டியூப்லெஸ் சார், பஞ்சரே ஆகாது” என்று விற்பனையாளர் சொல்லும்போது சிரிப்பை அடக்குவது கொஞ்சம் சிரமம்.

பஞ்சர் ஆகும். டியூப்லெஸ் செய்தது, பஞ்சர் வேலையை நடுவழியிலிருந்து எடுத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தது, அவ்வளவுதான். முள் குத்திய பிறகு செய்த வேலையை, முள் குத்துவதற்கு முன்பே, சில மாதங்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து செய்ய வேண்டும். அதற்குத் தயாராக இருப்பவருக்கு இது நல்ல ஏற்பாடு. இல்லாதவருக்குப் பழைய டியூபே மேல். விற்கும்போது இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை என்பதுதான் குறை.

டியூபை ஏன் எடுத்தார்கள் என்பதில் முள்ளுக்குப் பங்கு குறைவு, காரணம் கல். மலைப் பாதையில் வேரும் பாறையும் சரளையுமாகக் கிடக்கும். சக்கரம் தரையைக் கவ்விப் பிடிக்க வேண்டுமானால் காற்றைக் குறைக்க வேண்டும். காற்றைக் குறைத்தால், கூர்மையான கல்லில் மோதும்போது டயர் அமுங்கி, உள்ளே இருக்கும் டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்கும். பாம்பு கடித்த தடம்போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அதற்குப் பயந்து 30, 35 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு போனால், சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ரப்பர் பந்துபோலத் துள்ளும். முதுகெலும்பு எண்ணிக்கை சொல்லும். டியூபே இல்லாவிட்டால் நசுங்க ஒன்றுமில்லை. 20 சொச்சம் பிஎஸ்ஐயில் நிம்மதியாக ஓட்டலாம்.

1999இல் பிரான்ஸின் மாவிக், ஹட்சின்சன், மிஷெலின் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து மலை சைக்கிளுக்கென்று ஒரு டியூப்லெஸ் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. டயரின் விளிம்பும் ரிம்மும் காற்றுப் புகாமல் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அது. இந்த மூவரில் மிஷெலினின் பெயர் இருப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நிறுவனம் டயர் தொழிலுக்குள் வந்ததே ஒரு பஞ்சரால்தான்.

பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து 1888இல் காப்புரிமை வாங்கியிருந்தார். அந்த டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். மறு ஆண்டு பிரான்ஸின் கிளெர்மோன் ஃபெரான் ஊரில் மிஷெலின் சகோதரர்களின் ரப்பர் பட்டறைக்கு ஒரு சைக்கிள்காரர் பஞ்சரான வண்டியோடு வந்து நின்றார். டயரை உரித்தெடுத்துச் சரிசெய்யவே மூன்று மணி நேரம். பிறகு பசை காய ஓர் இரவு. மறுநாள் எதுவார் மிஷெலின் ஆசையோடு ஏறி ஓட்டிப் பார்த்தார். சிறிது தூரத்திலேயே மறுபடி காற்று இறங்கிவிட்டது. நம்மில் ஒருவராக இருந்தால் டன்லப்பைத் திட்டிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்போம். அந்த மனிதர் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தார். 1891இல் காப்புரிமை. அதே ஆண்டு, ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் நீண்ட பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் அந்த டயரை மாட்டிக்கொண்டு ஓட்டிய ஷார்ல் தெரோன் முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு தாங்களே நடத்திய பந்தயத்தில், தங்கள் டயரை எவ்வளவு சீக்கிரம் பழுதுபார்க்கலாம் என்று காட்ட மிஷெலின்காரர்கள் வழியில் ஆணி தூவினார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு. விளம்பரத்துக்காக ஆணி போடும் யோசனை நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைகளில் பிறந்ததல்ல என்று அறிவதில் ஓர் அற்ப நிம்மதி.

ஆக, டயர் வரலாற்றின் முதல் பெரிய முன்னேற்றமே பஞ்சரைத் தடுப்பதில் வரவில்லை. பஞ்சர் ஒட்டுவதை எளிதாக்கியதில் வந்தது.

1999 ஏற்பாட்டுக்குத் தனி ரிம், தனி டயர், இரண்டும் எடை கூடியவை, விலையும் கூடியவை. அடுத்த கதவைத் திறந்தவர் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டான் கோசியாடெக். சாதாரண ரிம்மின் உள்பக்கத்தில் ஆரக்கம்பி ஓட்டைகளை டேப்பால் மூடி, டயருக்குள் ரப்பர் பாலால் ஆன திரவத்தை ஊற்றிச் சுற்றிவிட்டால் போதும் என்று காட்டினார். 2001இல் அதையே நிறுவனமாக்கினார். டியூப் வேண்டாம் என்பதே கம்பெனியின் பெயர். இன்று உலகம் முழுக்க மலை சைக்கிள்காரர்கள் ‘சீலன்ட்’ என்று வாங்கி ஊற்றுவதில் பெரும்பாலானவை இந்த வழி வந்தவைதான்.

சீலன்ட் என்று ஆங்கிலத்தில் சொன்னால் ஏதோ ரசாயனக்கூடச் சமாசாரம்போலத் தோன்றும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரிடம் குப்பியைத் திறந்து காட்டினால் மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். மரத்தைக் கீறினால் சிரட்டையில் வடிகிற அதே பால். அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த நெடிக்குக் காரணம் அதுதான். சைக்கிள் சீலன்டில் இதோடு சீக்கிரம் காயாமல் இருக்க கிளைக்கால் வகைத் திரவமும், ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ள நுண்ணிய நார், துகள்களும் கலந்திருக்கும்.

வேலை நடக்கும் விதம் எளிது. முள் குத்தியதும் காற்று ஓட்டை வழியே பீறிடும். போகிற போக்கில் பாலையும் இழுத்துக்கொண்டு போகும். குறுகலான துளையில் வேகமாக உரசிப் போகும்போது பாலில் உள்ள ரப்பர் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். நாரும் துகளும் அதற்குள் சிக்கும். வெளிக்காற்று பட்டு இறுகும். சில நொடியில் ஓட்டைக்கு ரப்பர் தக்கை விழுந்துவிடும். முள் அளவு ஓட்டைகளில் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து டயரைத் துடைக்கும்போதுதான் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்து எண்ணிக்கொள்வார்.

இதே பால்தான் பிரச்சினையும். தோட்டத்தில் சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்து கிடப்பதை ஒட்டுப்பால் என்பார்கள். டயருக்குள்ளும் அதேதான் நடக்கும். தண்ணீர்ச் சத்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் சீலன்ட் காய்ந்து, டயரின் உள்சுவரில் தோலாகப் படிந்தும், சில சமயம் உருண்டையாகத் திரண்டும் கிடக்கும். வெயில் கூடிய ஊரில் இந்தக் கணக்கு இன்னும் குறையும். பிரச்சினை என்னவென்றால், காய்ந்தது வெளியே தெரியாது. காற்று நிற்கும். வண்டி ஓடும். உரிமையாளர் பஞ்சரே ஆகாத சைக்கிளில் போவதாக நினைத்துக்கொண்டிருப்பார், ஒரு நெருஞ்சி முள் குறுக்கே வரும்வரை.

நெருஞ்சி என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்கள் கெட்ட வார்த்தை சேர்த்துச் சொல்லும் ஒரு செடி உண்டு. ஆட்டுத்தலை முள் என்பார்கள். பஞ்சர் கொடி என்றும் பெயர். கொம்புள்ள ஆட்டின் தலைபோல இருக்கும் அந்த முள், எப்படி விழுந்தாலும் ஒரு கொம்பை மேலே நீட்டிக்கொண்டு கிடக்கும். அது வேறொன்றுமில்லை, நம் வரப்போரத்து நெருஞ்சிதான். மெல்லிய பாதத்துக்கு எது உறுத்தும் என்று யோசித்த வள்ளுவருக்கு நினைவுக்கு வந்த அதே காய். பழைய உலகத்துச் செடி, அமெரிக்காவுக்குப் போய்க் களையாகிவிட்டது. 1961இல் இதன் விதையையும் தண்டையும் துளைத்துத் தின்னும் இரண்டு வகைக் கூன்வண்டுகளை இத்தாலியிலிருந்து கொண்டுபோய் அங்கே விட்டார்கள். வண்டுகள் தின்றன, நெருஞ்சி தீரவில்லை. ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரத்தில் 2018 முதல் ஆட்டுத்தலை முள்ளின் பெயரிலேயே சைக்கிள் திருவிழா நடத்துகிறார்கள். கோடையில் ஊர் மக்கள் செடியை வேரோடு பிடுங்கி மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொடுத்தவர்களுக்குத் திருவிழாவில் குடிக்கச் சீட்டு கிடைக்கும். பாதையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும் பஞ்சர் வேலையில் சேர்ந்ததுதான் என்று அந்த ஊர் புரிந்துகொண்டிருக்கிறது. நம் பக்கத்துப் புதர்க்காட்டுத் தடங்களில் நெருஞ்சியோடு சீமைக் கருவேலமும் சேர்ந்துகொள்ளும். அதன் முள் டயருக்குள் இறங்கி, நுனி ஒடிந்து உள்ளேயே தங்கும்.

சரி, பால் அடைக்க முடியாத அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. என்ன செய்வது?

உஸ்ஸென்று சத்தம் கேட்கும். சக்கரம் சுற்றச் சுற்றக் கெண்டைக்காலிலும் சட்டத்திலும் வெள்ளைத் துளிகள் தெறிக்கும். பதறி இறங்கி, டயரைக் கழற்ற லீவரைத் தேடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. டயரைக் கழற்றக் கூடாது. முதலில், ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்த வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் பால் அங்கே வந்து தேங்கும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம். நுரைத்துக் குமிழிட்டு நின்றுவிட்டால், போன காற்றை அடித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

நிற்கவில்லை என்றால் திரி. ரப்பர் பிசினில் ஊறிய, தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும் நூல் திரி. விளக்குத் திரி நீளம்கூட இருக்காது. அதைச் செருக, காதில் பிளவுள்ள ஊசி ஒன்று, பிடிப்பதற்கு ஒரு கைப்பிடி. திரியின் நடுப்பாகத்தை ஊசிக் காதில் கோத்து, ஓட்டைக்கு நேராக வைத்து, அழுத்தி இறக்க வேண்டும். இரண்டு வால்களும் வெளியே ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி, ஊசியைச் சுழற்றாமல் வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஊசி வெளியே வரும், மடிந்த திரி உள்ளே தங்கும். அதைச் சுற்றிப் பால் கசிந்து இறுகும். நீட்டிக்கொண்டிருக்கும் வாலை உடனே நறுக்கத் தேவையில்லை. ஓட ஓடத் தேய்ந்துவிடும். பழகிய கைக்கு மொத்தமும் ஒரு நிமிட வேலை.

இதில் ஒரு நுணுக்கம். காற்று முழுக்க இறங்குவதற்குள் திரியைப் போட்டுவிட வேண்டும். விறைப்பாக இருக்கும் டயரில் ஊசி சுலபமாக இறங்கும். தொய்ந்த டயர் ஊசிக்கு வளைந்து கொடுக்கும். இன்னும் பலமாக அழுத்தினால் ஊசி மறுபக்கம் போய் ரிம் டேப்பைக் குத்தும். அப்புறம் ஓட்டை ஒன்றுக்கு இரண்டு. அதனால்தான் அனுபவசாலிகள் திரியை ஊசியில் கோத்தபடியே, எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். பந்தயக்காரர்கள் சிலர் ஹேண்டில்பாரின் முனைக்குள்ளேயே சொருகி வைத்திருப்பார்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது. கார், பைக் டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் செய்வது இதேதான். குறட்டால் ஆணியைப் பிடுங்குவார், எச்சில் தொட்டுக் காற்று வருகிறதா பார்ப்பார், பழுப்பு நிறத் திரியைக் குத்தி இறக்குவார், சோப்புத் தண்ணீர் தெளிப்பார், குமிழி இல்லை என்றதும் வாலைப் பிளேடால் சீவி எறிவார். சைக்கிளுக்கு இதையே சில ஆயிரம் ரூபாய்க்கு, பளபளக்கும் அலுமினியக் குழாயில் அடைத்து இறக்குமதி செய்து விற்கிறார்கள். வாங்குவது அவரவர் விருப்பம். தத்துவம் இரண்டிலும் ஒன்றே.

ஆனால், மலை சைக்கிளை நேராகக் கார் பஞ்சர் கடையில் கொண்டுபோய் விடும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கார் டயருக்குள் எஃகுக் கம்பிப் பட்டை இருக்கிறது. அதனால் திரி போடுமுன் சுருள் பல் வைத்த ஊசியால் ஓட்டையை ராவிப் பெரிதாக்குவார்கள். சைக்கிள் டயரில் இருப்பது மெல்லிய நைலான் நூல் நெசவு. அதே ராவலைச் சைக்கிளுக்குச் செய்தால் நூல் அறுந்து, 2 மில்லிமீட்டர் ஓட்டை 6 மில்லிமீட்டர் ஆகிவிடும். கார் திரியும் தடிமன் கூடியது. சைக்கிளுக்கு அதைப் பாதியாகக் கிழித்துத்தான் போட வேண்டியிருக்கும். “அண்ணே, ராவாதீங்க, அப்படியே குத்துங்க” என்று ஒரு வார்த்தை போதும்.

பஞ்சர் கடையால் வேறொரு பெரிய உபயோகம் உண்டு. டியூப்லெஸ் டயரைப் புதிதாக மாட்டும்போது அதன் விளிம்பு ரிம்மில் போய் உட்காரச் சட்டென்று நிறையக் காற்று வேண்டும். கைப்பம்பால் அடித்து அடித்துத் தோள்பட்டை கழன்றவர்கள் ஏராளம். கம்பிரசர் காற்று பத்து நொடியில் அதைச் செய்யும். டப், டப் என்று இரண்டு பக்கமும் சத்தம் கேட்டால் விளிம்பு உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். வால்வு பின்னைக் கழற்றிவிட்டு அடித்தால் இன்னும் சுலபம். மலை சைக்கிள்களில் பெரும்பாலும் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருக்கும். கடைக்காரரின் குழாய் அதில் பொருந்தாது. சுண்டுவிரல் நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டால் ஊரிலுள்ள எல்லா லாரி பஞ்சர் கடையும் உங்கள் கடைதான். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லாரிக்கு அடிக்கிற கை, அந்த வேகத்தில் சைக்கிள் டயரை வெடிக்க வைத்துவிடும்.

காற்றடிக்கக் கார்பன் டை ஆக்சைடு குப்பியைக் கையில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வேகமாக நிரம்பும், உண்மை. ஆனால் அந்த வாயு வெளியே வரும்போது உறையவைக்கும் குளிரோடு வரும். பால் வகைச் சீலன்டை அங்கேயே கட்டியாக்கிவிடக்கூடும். அவசரத்துக்கு அடித்தவர், வீட்டுக்கு வந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவது நல்லது.

திரிக்கும் எல்லை உண்டு. பக்கச்சுவர் கல்லில் உரசி நீளவாக்கில் கிழிந்தால் ஐந்து திரி சொருகினாலும் நிற்காது. அப்போது டியூபைத்தான் போட வேண்டும். எனவே டியூப்லெஸ் சைக்கிள்காரரின் பையில் ஒரு டியூப் இருந்தே தீர வேண்டும் என்ற முரணை யாரும் தவிர்க்க முடியாது. கிழிசலுக்கு உள்பக்கமாக, காலியான பற்பசைக் குழாயை வெட்டி வைத்து, அதன்மேல் டியூப் வந்து அழுந்தும்படி மாட்டினால் வீடு போய்ச் சேரலாம். மாட்டும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றிலும் தடவிப் பார்ப்பது முக்கியம். மாதக்கணக்கில் பால் அடைத்து மறைத்து வைத்திருந்த முட்கள் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றைப் பார்க்காமல் டியூபைப் போட்டால் காற்றடித்து முடிப்பதற்குள் அதுவும் போய்விடும். மலை உச்சியில் இருந்த ஒரே டியூபை இப்படிப் பலி கொடுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கியவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

அமெரிக்கக் கீழிறங்கு பந்தய வீரர் ஆரன் க்வின் தள்ளவில்லை. 2014இல் ஆஸ்திரியாவின் லியோகாங் உலகக் கோப்பைப் பந்தயத்தில் தொடக்கத்திலேயே பின்சக்கரம் பஞ்சராகி, டயர் கழன்று போன பிறகும் வெறும் ரிம்மிலேயே மலையடிவாரம் வரை இறங்கினார். பார்க்க அற்புதமான காட்சி. சொந்தக் காசில் ரிம் வாங்குகிறவர்கள் பின்பற்ற வேண்டியதில்லை.

நிரந்தர வைத்தியம் பழையதுதான். டயரைக் கழற்றி, உள்பக்கம் படிந்த பால் தோலை உரித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை காத்திருந்து, பேட்ச் ஒட்டி அழுத்துவது. டியூபுக்குச் செய்ததை டயருக்குச் செய்கிறோம். சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே பேட்சை ஒட்டினால் பிடிக்காது என்பது சைக்கிள் கடைப் பையனுக்கும் தெரியும். ஆயிரக்கணக்கில் செலவழித்த சைக்கிளின் சொந்தக்காரர் இங்கேதான் பெரும்பாலும் சறுக்குவார். பெரிய கிழிசல் என்றால் உறுதியான நைலான் நூலால் முதலில் தைத்துவிட்டுப் பிறகு பேட்ச் போடுகிறவர்களும் உண்டு. செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் அழகாகத் தைத்துத் தருவார்.

இத்தனை வழி இருக்கும்போது, ஒரே ஒரு ஆணி ஓட்டைக்காக “டயரையே மாத்திடுங்க” என்று சொல்லும் கடைகளை என்னவென்பது? நல்ல மலை சைக்கிள் டயர் ஒன்று சாதாரண சைக்கிளின் விலையில் பாதியைத் தொடும். நடுப்பட்டையில் விழுந்த ஓட்டைக்குப் போட்ட திரி, காற்று நிற்கிற வரை, டயர் தேய்ந்து முடியும்வரைகூட இருக்கலாம். மாற்ற வேண்டியது கிழிந்த பக்கச்சுவருக்கும் நூல் அறுந்து புடைத்த டயருக்கும்தான். வித்தியாசத்தைச் சொல்லித் தருவது கடைக்காரரின் கடமை. கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை.

இன்னொரு மயக்கம் ‘டியூப்லெஸ் ரெடி’ என்ற ஒட்டுச்சீட்டு. டயரும் ரிம்மும் டியூப்லெஸுக்கு ஏற்றவை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. பல சைக்கிள்கள் அந்தச் சீட்டோடும், உள்ளே சாதாரண டியூபோடும்தான் விற்கப்படுகின்றன. டேப் ஒட்டி, வால்வு மாற்றி, பால் ஊற்றினால்தான் அது டியூப்லெஸ். வாங்கிய அன்றே கடையில் நின்று, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடலாம். அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்கூடம் போகிற பதினோராம் வகுப்பு மாணவிக்கு வேண்டாம். பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவருக்கு வேண்டாம். தார்ச்சாலையில் காற்றை இறுக்கமாக அடித்துக்கொண்டு போகிற இவர்களுக்குக் கல்லில் நசுங்கும் பிரச்சினை குறைவு. டியூபும் பேட்சும் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. மூன்று மாதமாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டுகிறவருக்கும் வேண்டாம். அவருடைய பால் பெரும்பாலும் டயருக்குள்ளேயே காய்ந்துதான் போகும். ஏற்காட்டிலோ நீலகிரியிலோ கல்லும் வேரும் கலந்த தடத்தில் வாரம் தவறாமல் இறங்குகிறவர், தயங்காமல் டியூபைக் கழற்றி எறியலாம்.

சைக்கிள் விற்பவர்களிடம் ஒரு கோரிக்கை. டியூப்லெஸ் மாட்டிக் கொடுக்கும் அன்றைக்கு, பால் ஊற்றிய தேதியை ரிம்மில் வால்வுக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிக் கொடுங்கள். காருக்கு ஆயில் மாற்றினால் அடுத்த தேதியைச் சீட்டில் எழுதித் தொங்கவிடுகிறார்களே, அதுபோல. சீலன்டைப் பெரிய குப்பியாக வாங்கச் சொல்லாமல், ஒரு சக்கரத்துக்கு ஆகும் 100 மில்லி அளவில் அளந்து ஊற்றிக் கொடுங்கள். திரி போடும் விதத்தைப் பழைய டயர் ஒன்றில் குத்திக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்று மாலை சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றி, காதருகே பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் அலம்புவதுபோல் சத்தம் கேட்டால் நல்லது. கேட்கவில்லை என்றால், வால்வு பின்னைக் கழற்றிப் புதிதாக 100 மில்லி ஊற்றிவிட்டு, தேதியை நீங்களே ரிம்மில் எழுதிக்கொள்ளுங்கள்.